கழனியில் குரோமியம்: நிலத்தை விற்பதற்கு முன்

ராணிப்பேட்டை மாவட்டத்தில், பாலாற்றை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து 39 வயது விவசாயி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

அப்பா பெயரில் இரண்டரை ஏக்கர் கழனி. பள்ளத்தில் நெல், மேட்டில் மல்லாட்டை (நிலக்கடலை), கிணற்றை ஒட்டி அரை ஏக்கரில் கீரையும் கத்தரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சி மாணவர்கள் வந்து மண் எடுத்துப் போனார்கள். இப்போது அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருக்கிறது. இவருடைய கழனி அதில் 'எஸ் 7'. மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 420 மில்லிகிராம், கார அமில நிலை (பிஎச்) 8.7, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 3.1. பக்கத்தில் 'மிதமானது முதல் கடுமையான மாசு வரை' என்று ஒரு குறிப்பு. யாரோ அதைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட, மறுநாளே அது 'இந்த ஊர்க் கீரை சாப்பிட்டால் புற்றுநோய்' என்று ஆகிவிட்டது. வாடிக்கையாக வரும் கீரை வியாபாரி வருவதை நிறுத்திவிட்டார்.

சென்னையில் இருக்கும் அண்ணன், 'சத்தம் போடாமல் வித்துடலாம்' என்கிறார். அம்மாவுக்குப் பல வருஷமாகக் கையில் அரிப்பும் வெடிப்பும். அதுவும் இதனால்தானோ என்று பயம். வேளாண் துறை தந்த மண் வள அட்டையிலோ 'துத்தநாகம் குறைவு' என்பதைத் தவிர கெட்டதாக எதுவும் இல்லை. எதை நம்புவது? சுண்ணாம்பு போட்டு வெட்டிவேர் நட்டால் மண் சுத்தமாகிவிடும் என்று ஒருவர் சொன்னதால் பத்து மூட்டை சுண்ணாம்புக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் தயங்கித் தயங்கி ஒன்றை எழுதியிருக்கிறார். சுமார் 15 வருஷத்துக்கு முன் ஒரு டேனரியிலிருந்து, அதாவது தோல் பதனிடும் ஆலையிலிருந்து, லாரியில் இலவசமாக 'எரு' வந்தது. நீலமும் கறுப்புமாகச் சேறு மாதிரி இருந்தது. அப்பா இரண்டு போகம் அதைக் கழனியில் கொட்டி உழுதார். 'தப்பு எங்க மேலயும் இருக்கே சார், நாங்க நஷ்டஈடு கேக்க முடியுமா?'

தம்பி, சுண்ணாம்பு வந்து இறங்கியிருந்தால் மூட்டையைப் பிரிக்காதீர்கள். முன்பணம் போனாலும் பரவாயில்லை. மண் புளித்துப்போன இடத்தில், அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணில், காட்மியத்தையும் ஈயத்தையும் கட்டிப்போடச் சுண்ணாம்பு போடுவது உண்டு. யாரோ எங்கேயோ படித்ததை அப்படியே உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். உங்கள் மண் ஏற்கெனவே 8.7, நல்ல களர், அதாவது காரம் ஏறிய மண். அதில் சுண்ணாம்பு போட்டால் மண் இன்னும் கெட்டிப்படும். அதோடு, குரோமியத்தின் ஆபத்தான வகை கொஞ்சம் இருந்தாலும், காரம் ஏற ஏற மண் அதைப் பிடித்துவைக்காமல் தண்ணீரோடு கீழே விட்டுவிடும். கீழே உங்கள் கிணறு இருக்கிறது.

420 என்பது என்ன?

அந்த எண்ணைக் கண்டு நீங்கள் பயந்ததில் தப்பில்லை. விவசாய மண்ணில் மொத்தக் குரோமியம் 64 மில்லிகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கனடாவின் வழிகாட்டு அளவு. உங்களுடையது அதைப்போல ஆறரை மடங்கு. ஆனால் ஒடிசாவில் சுகிந்தா பக்கம் போனால், பாறையே குரோமியத் தாது என்பதால், தொழிற்சாலை வாசனையே படாத மண்ணிலும் இதைவிடப் பல மடங்கு இருக்கும். மொத்த எண் மட்டும் எதையும் முடிவு செய்யாது.

'மிதமானது முதல் கடுமையானது வரை' என்ற அந்தக் குறிப்பு ஒரு சூத்திரத்திலிருந்து வருகிறது. 1969இல் முல்லர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் கொடுத்தது. உங்கள் மண்ணின் அளவை, 'இயல்பான அளவு' என்று எடுத்துக்கொண்ட ஓர் எண்ணின் ஒன்றரை மடங்கால் வகுத்து, இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை எடுப்பார்கள். எல்லாம் அந்த 'இயல்பான அளவு' எது என்பதில் இருக்கிறது. உலகச் சராசரிக் களிப்பாறையின் 90 மில்லிகிராமை எடுத்தால் உங்கள் கழனிக்கு 1.6 வரும், அது 'மிதமான மாசு'. உள்ளூரில் மாசுபடாத மண் 60 என்று எடுத்தால் 2.2 வரும், ஒரு படி ஏறி 'மிதமானது முதல் கடுமையானது வரை' ஆகிவிடும். அதே மண், அதே 420. அந்த மாணவர்கள் உள்ளூர் அளவை எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அது சரியான முறைதான், அவர்களைக் குறை சொல்லவில்லை. மண்ணில் எவ்வளவு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்பதைத்தான் அந்தச் சூத்திரம் சொல்லும். அந்த மண்ணில் விளைந்த கீரையைச் சாப்பிடலாமா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. வாட்ஸ்அப்புக்குள் போனதும் ஒன்று மற்றொன்றாக மாறிவிட்டது.

அண்ணன் அனுப்பிய உலக வரைபடத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 ஏப்ரலில் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. உலகின் விளைநிலத்தில் 14 முதல் 17 சதவீதம் வரை ஏதாவது ஒரு நச்சு உலோகம் வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்றது. உலகெங்கும் எடுத்த மாதிரிகளை வைத்துக் கணினி கணித்த வரைபடம். உங்கள் கழனியில் யாரும் கால் வைத்து அளந்தது இல்லை. அதை வைத்து அண்ணனோடு சண்டை போடாதீர்கள்.

குரோமியத்தில் இரண்டு ரகம்

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். டேனரியில் தோலைப் பதப்படுத்த ஊற்றுவது குரோமியம் சல்பேட். அது மூன்று இணைதிறன் உள்ள குரோமியம். களர் மண்ணில் அது கரையாது, நகராது. செடியின் வேர் அதைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும், இலைக்கும் மணிக்கும் போவது சொற்பம். ஆறு இணைதிறன் உள்ள குரோமியம் வேறு ஆள். தண்ணீரில் கரையும், ஓடும், தண்ணீரை மஞ்சளாக்கும். மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும் என்பது உறுதியான விஷயம்.

ராணிப்பேட்டையில் இரண்டும் இருப்பதால்தான் குழப்பம். சிப்காட் பகுதியில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல், இரண்டு லட்சம் டன்னுக்கு மேல், ஆறு இணைதிறன் ரகம். மஞ்சள் தண்ணீர்ப் படங்கள் எல்லாம் அந்தப் பக்கத்தவை. உங்கள் கழனிக்கு லாரியில் வந்த சேறு, நீங்கள் சொல்லும் நிறத்தை வைத்துப் பார்த்தால், மூன்று இணைதிறன் ரகமாகத்தான் இருந்திருக்கும். மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அதில் கொஞ்சத்தை ஆறாக மாற்றக்கூடும். மக்கிய எரு அதைத் திரும்ப மூன்றாக்கும். நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நிறுத்தும்போதும் அதே வேலை நடக்கும். ஆக, கட்டுரையில் இல்லாத ஓர் எண்தான் உங்களுக்கு வேண்டும்: அந்த 420இல் ஆறு இணைதிறன் எவ்வளவு? அதற்குக் கனடாவின் வரம்பு 0.4 மில்லிகிராம்தான்.

பயிரைக் கெடுப்பது யார்?

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 'தண்ணி கட்டினா ரெண்டு நாள் குட்டையா நிக்குது, காஞ்சா ஓடு மாதிரி வெடிக்குது, வெள்ளையா பூக்குது.' முழுக் கடிதத்திலும் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வரிதான். குரோமியம் இப்படிச் செய்யாது. இது உப்பு.

தோல் கெடாமலிருக்கப் பச்சைத் தோலில் உப்பு தடவித்தான் டேனரிக்குக் கொண்டுவருவார்கள். ஊறவைத்துக் கழுவும் தண்ணீரில் அந்த உப்பில் பெரும்பகுதி இறங்கிவிடும். பாலாற்றங்கரையில் தேங்காய் சிறுத்ததற்கும் கிணற்றுத் தண்ணீர் கரித்ததற்கும் பெரும்பங்கு அதற்குத்தான். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பை உடைத்துவிடும். மண் துளைகள் அடைபட்டுத் தண்ணீர் இறங்காது, வேருக்கு மூச்சு முட்டும். உங்கள் மின்கடத்துதிறன் 3.1. நம் ஆய்வகங்கள் மண்ணைத் தண்ணீரில் கலக்கி அளக்கும் முறையில் ஒன்றுக்குள் இருந்தால் நிம்மதி, இரண்டைத் தாண்டினாலே பல பயிருக்குக் கஷ்டம்.

இப்போது மண் வள அட்டையை எடுத்துப் பாருங்கள். 2015இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பார்ப்பது 12 விஷயம்: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின்கடத்துதிறன், கரிமச் சத்து. குரோமியம், காட்மியம், ஈயம் எதுவும் அதில் இல்லை. 'அட்டையில் நல்லா இருக்குன்னு வந்துச்சே' என்பதால் மாசு இல்லை என்று ஆகாது. அதே சமயம், கார அமில நிலையும் மின்கடத்துதிறனும் அந்த அட்டையிலேயே அச்சாகி இருக்கும். யாரும் அந்த வரிகளைப் படித்திருக்க மாட்டோம். துத்தநாகக் குறைவு என்று வந்ததுகூட இதன் வால்தான். மண் களர் ஆனால் துத்தநாகம் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அட்டையும் கட்டுரையும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை தம்பி, வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

நான்கு பரிசோதனை

முதலில் கிணற்றுத் தண்ணீர். மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம், கரைந்த உப்பு, சோடியம். குடிநீருக்கு இந்தியத் தர நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம். பாசனத்துக்கு உலக உணவு வேளாண் அமைப்பு சொல்வது 0.1. மழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை பாருங்கள். அறிக்கை வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர்தான் வற்றும், உலோகம் அப்படியே நிற்கும்.

இரண்டாவது, மண்ணில் ஆறு இணைதிறன் குரோமியம். இதற்கான மண்ணைக் காயவைக்காமல், ஈரத்தோடு, ஐஸ் பெட்டியில் அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். காய்ந்தால் எண் மாறிவிடும். மூன்றாவது, களரைச் சரிசெய்யப் போடும் ஜிப்சம் உங்கள் மண்ணுக்கு எவ்வளவு தேவை என்ற சோதனை. நான்காவது, கீரையும் கத்தரிக்காயும். அதே செடியிலிருந்து பறித்ததில் பாதியை நன்றாகக் கழுவி, பாதியைக் கழுவாமல் கொடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். குரோமியம் பார்க்கும்போதே காட்மியத்தையும் ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், செலவு பெரிதாக ஏறாது. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஜிப்சம் பற்றிக் கேட்கலாம். உலோகங்களுக்கு, ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள ஆய்வகமாகப் பாருங்கள். நீங்கள் கேட்கும் சோதனைக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், சில இடங்களில் பலகையில் மட்டும்தான் இருக்கும்.

மண் எடுக்கும்போது இரண்டு விஷயம். எவர்சில்வர் கரண்டி, பளபளக்கும் ஸ்டீல் கருவி எதுவும் வேண்டாம். ஸ்டீலிலேயே குரோமியம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அப்படி எடுத்து, நாற்பது மாதிரியையும் கொட்டிவிட்டுத் திரும்பப் போய் எடுத்தேன். மரக்குச்சியும் பிளாஸ்டிக் முகவையும் போதும். இன்னொன்று, கழனி முழுக்க எடுத்துக் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுக்காதீர்கள். சேறு கொட்டிய இடம், கொட்டாத இடம், கிணற்றடி என்று பிரித்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் மேல் 15 சென்டிமீட்டர் தனி, அதற்குக் கீழே தனி. மேலே மட்டும் திட்டுத்திட்டாகக் குரோமியம் இருந்தால் லாரிச் சேற்றின் வேலை. எல்லா இடத்திலும், பாசனத் தண்ணீர் பாயும் வழியெல்லாம் இருந்தால் தண்ணீர் வழியாக வந்தது. நஷ்டஈடு பேசும் நாளில் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தேவைப்படும். ஆய்வு செய்த கல்லூரிப் பேராசிரியருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் கழனியில் எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தார்கள், மூல எண்கள் என்ன என்று கேளுங்கள். உங்கள் மண்ணைக் கொடுத்தவர் நீங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கீரை

முடிவு வரும்வரை, மூன்று நான்கு வாரம், கீரையை நிறுத்திவையுங்கள். விஷம் என்று நான் சொல்லவில்லை. கீரை தரையோடு வளர்வது, மண்ணை அப்பிக்கொள்வது. நூறு கிராம் காய்ந்த கீரையில் ஒரு கிராம் மண் ஒட்டியிருந்தாலே, உங்கள் கழனிக் கணக்கில் கிலோவுக்கு 4.2 மில்லிகிராம் குரோமியம் காட்டும். செடி ஒரு துளிகூட உறிஞ்சியிருக்க வேண்டாம். 'கீரையில் குரோமியம்' என்று வரும் செய்திகளில் எத்தனை, கழுவாத கீரையின் கணக்கோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. கழுவியதையும் கழுவாததையும் தனித்தனியாகக் கொடுக்கச் சொன்னது இதற்குத்தான். கழுவிய கீரையில் குறைவாக வந்தால் வியாபாரியிடம் அறிக்கையோடு பேசலாம். கத்தரி, நெல் ஆகியவற்றில் பயம் குறைவு. மல்லாட்டை மண்ணுக்குள் காய்ப்பது, ஓட்டைக் கழுவிக் காயவையுங்கள்.

வெட்டிவேரும் மற்ற வைத்தியமும்

வெட்டிவேர் நடலாம், வரப்பில். மழையில் மண் கரைந்து பக்கத்துக் கழனிக்குப் போகாமல் பிடித்துக்கொள்ளும். குரோமியத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் கிட்டத்தட்ட 900 டன். அதில் உங்கள் அளவில் 378 கிலோ குரோமியம் இருக்கிறது. தாராளமாக, வருஷத்துக்கு 10 டன் காய்ந்த புல் அறுக்கிறீர்கள், கிலோவுக்கு 20 மில்லிகிராம் அதில் ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 200 கிராம் வெளியே போகும். முழுக்கப் போக 1,890 வருஷம். செடியால் மண்ணைச் சுத்தம் செய்யும் ஆய்வுகள் பொய் என்று சொல்லவில்லை. சில உலோகங்களில், சில செடிகளில் நடக்கும். குரோமியம் அதற்கு வசப்படாத உலோகம். அதை வேகப்படுத்த ரசாயனம் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம், அது கிணற்றுக்குத்தான் போகும்.

ஜப்பானில் டொயாமா பக்கம் ஜின்சு ஆற்றுப் படுகையில், சுரங்கக் காட்மியத்தால் நெல் வயல்கள் கெட்டு, எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. அங்கே கெட்ட மண்ணைப் புதைத்து மேலே நல்ல மண் போட்டார்கள். 863 ஹெக்டேர் முடிக்க 33 வருஷம் ஆனது, 2012இல்தான் முடிந்தது. அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து செய்த வேலை அது, இரண்டரை ஏக்கர்க்காரர் தனியாகச் செய்வது இல்லை.

உங்களால் ஆவது இது. தொழு உரமும் பசுந்தாளும் நிறையப் போடுங்கள். மண்ணும் பொலபொலப்பாகும், ஆறு இணைதிறன் குரோமியமும் அடங்கும். கடையில் வாங்கும் மட்கு எருவுக்கு அறிக்கை கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகர மட்கு எருவில் குரோமியம் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இலவச எரு மட்டும் இனி யார் கொடுத்தாலும் வேண்டாம். களருக்கு ஜிப்சம், அளவு பரிசோதனை சொல்வதைப்போல. ஆனால் ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வடித்தால்தான் பலன். கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருந்தால் அதை ஊற்றிக் கழுவுவதில் அர்த்தமில்லை, மழைக்காலத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டும். மண்ணில் ஆறு இணைதிறன் அதிகம் என்று வந்துவிட்டால், கழுவுவதையே தள்ளிப்போடுங்கள். அதனால்தான் பரிசோதனைக்கு முன் ஜிப்சம்கூட வாங்க வேண்டாம் என்கிறேன்.

அம்மாவின் கை

நான் மண்ணைப் படித்தவன், மருத்துவன் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லலாம். அம்மா சில வருஷம் டேனரியிலும், பிறகு கட்டட வேலையில் சித்தாளாகவும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிமெண்டிலும் ஆறு இணைதிறன் குரோமியம் உண்டு, கொத்தனார்களுக்கு வரும் கை அரிப்புக்கு அது தெரிந்த காரணம். கழனி மண்ணைவிட அந்த இரண்டு வேலைகளின் மேல்தான் எனக்குச் சந்தேகம். தோல் மருத்துவரிடம் இந்த வேலை விவரத்தையெல்லாம் சொல்லுங்கள். முதுகில் மருந்து ஒட்டிப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு, குரோமியம் ஒவ்வாமையா என்று அதில் தெரியும்.

நஷ்டஈடு

பாலாற்று டேனரி மாசு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் தலையெழுத்தையே மாற்றிய வழக்கு. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பிறகு அமைந்த ஆணையம் 2001இல் 29,193 குடும்பங்களைப் பாதிக்கப்பட்டவையாகக் கண்டது. 2009இலும் ஓர் உத்தரவு வந்தது. பணம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், விடுபட்டவர்களுக்கு அரசு பணத்தைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்றது. சூழல் சரியாகும்வரை அவர்களுடைய பொறுப்பு தீராது என்றும் சொன்னது.

அதனால் முதல் வேலை, அந்தப் பட்டியலில் உங்கள் தாத்தா அல்லது அப்பா பெயரும் சர்வே எண்ணும் இருக்கின்றனவா என்று ஆட்சியர் அலுவலகத்தில் பார்ப்பது. வாயால் கேட்டால் நாளை வா என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வைத்து எழுதிப் போடுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். அதே மாதிரி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உங்கள் ஊர் நிலத்தடி நீர் அறிக்கைகளைக் கேளுங்கள்.

பட்டியலில் இல்லையென்றால், சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. நஷ்டஈடு கேட்க ஐந்து வருஷக் காலவரம்பு. அது எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதுதான் வாதமாகும். கட்டுரை இப்போது வந்ததால் இப்போதிருந்துதான் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள், சீக்கிரம் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. அம்மாவை மனுதாரராகச் சேர்க்க முடியுமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். நீங்கள் எடுத்த மாதிரி வழக்கைத் தொடங்கி வைக்க உதவும். தீர்ப்புக்கு நிற்பது பெரும்பாலும் வாரியமோ தீர்ப்பாயத்தின் குழுவோ எடுக்கும் மாதிரிதான்.

அப்பா கொட்டிய சேறு பற்றி. குரோமியம் கலந்த டேனரிச் சேறு அபாயகரக் கழிவு. அதை முறையாக அப்புறப்படுத்துவது உண்டாக்கிய ஆலையின் கடமை. எரு என்று சொல்லி விவசாயி கழனியில் இறக்குவது அந்தக் கடமையை உங்கள் தலையில் கட்டுவது. அப்பா ஏமாற்றப்பட்டவர். ஆனாலும் இதை மறைத்து மனு போடாதீர்கள், எதிர்த்தரப்பு முதல் நாளே எடுத்து வீசும். அப்பாவிடம் உட்கார்ந்து, எந்த வருஷம், எந்தப் போகம், எத்தனை லாரி, எந்தப் பக்கம் கொட்டியது, வேறு யார் கழனியிலும் இறங்கியதா என்று கேட்டு இன்றே எழுதி வையுங்கள். அவருக்கு 70 தாண்டிவிட்டது என்றீர்கள்.

அண்ணன் சொல்வது

விற்பது உங்கள் உரிமை. சத்தம் போடாமல் விற்பது உரிமை இல்லை. 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத, ஆனால் விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய விஷயம் உங்களுக்குத் தெரியாது என்று எந்த நீதிமன்றத்தில் சொல்வீர்கள்? பத்திரம் பதிந்து மூன்று வருஷம் கழித்து வழக்கு வந்தால், கையெழுத்துப் போட்ட அப்பாதான் அலைய வேண்டும். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். பயத்தில் விற்றால் பாதி விலைதான் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது அவருக்குச் சீக்கிரம் புரியும்.

அறிக்கைகள் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். எல்லாம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் முடிவு வந்த அன்றே அதை மட்டும் முதலில் அனுப்புங்கள், ஜிப்சம் கணக்கை அதை வைத்துத்தான் போட வேண்டும்.